மின்சாரம் ஏன் துண்டிக்கப்படுகிறது? ஃபீஸ் கட்டையிலிருந்து ரிலே வரை

சித்திரை மாதத்து மாலைகளில் பெருந்துறைப் பக்கம் திடீரென்று காற்று எழும்பும். புழுதி பறக்கும், தென்னை மட்டைகள் ஆடும், நாலு துளி விழுவதற்குள் மின்சாரம் நின்றுவிடும். "கரண்டு போயிருச்சுங் சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். இரண்டு நிமிடத்தில் விளக்கு எரியும். மறுபடி போகும். சில நேரம் பக்கத்துத் தெருவில் எரியும், பள்ளியில் எரியாது. "மழை வந்தா ஏனுங் சார் கரண்டு போகுது?" என்று ஒரு குழந்தையாவது கேட்கும்.

மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாத கேள்வி இது. பத்தாம் வகுப்பு அறிவியலின் 'மின்னோட்டவியல்' பாடம் மின் உருகி, எம்.சி.பி., புவி இணைப்பு ஆகியவற்றை அறிமுகப்படுத்துகிறது. எட்டாம் வகுப்பில் மின்னலும் இடிதாங்கியும் வருகின்றன. ஆனால் இவையெல்லாம் ஒரே அமைப்பின் உறுப்புகள் என்பதும், அந்த அமைப்பு நம் பள்ளிச் சுவரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மின்நிலையம் வரை நீள்கிறது என்பதும் மாணவர்களுக்குத் தெரிவதில்லை. மின்சாரம் போவதை ஒரு கோளாறாக மட்டுமே அவர்கள் பார்க்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் கோளாறு வேறெங்கோ நடந்திருக்கிறது. மின்சாரம் போனது அந்தக் கோளாறிலிருந்து நம்மைக் காப்பதற்காக. இதை ஆசிரியர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாடம் சிறக்கும். அதைவிட முக்கியமாக, பள்ளி வளாகத்தில் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

பழுது என்பது என்ன?

மின்னோட்டம் தனக்கு வகுத்த பாதையை விட்டு வேறு பாதையில் பாய்வதையே மின் பழுது என்கிறோம். இரண்டு கம்பிகள் காற்றில் உரசிக்கொள்ளலாம். ஈரமான தென்னை மட்டை ஒரு கம்பியின் மீது விழலாம். அணிலோ காகமோ டிரான்ஸ்ஃபார்மர் மேல் இரண்டு இடங்களைச் சேர்த்துத் தொடலாம். மோட்டாருக்குள் கம்பிச் சுருளின் காப்பு கருகி, பேஸ் கம்பி இரும்பு உடலைத் தொடலாம்.

ஓம் விதியைக் கொண்டே இதன் அளவை மாணவர்களுக்குக் காட்டிவிடலாம். ஒரு வகுப்பறையின் விசிறிகளும் விளக்குகளும் சேர்ந்து 2 ஆம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பேஸும் நியூட்ரலும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் மின்னோட்டத்தைத் தடுக்க இருப்பது கம்பிகளின் தடை மட்டுமே. அது அரை ஓம் என்றால் 230 ÷ 0.5 = 460 ஆம்பியர். இயல்பைப் போல 230 மடங்கு. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருப்பதால் அதே கம்பியில் உண்டாகும் வெப்பம் 52,900 மடங்கு! சில நொடிகள் நீடித்தாலும் கம்பியின் உறை எரிந்து தீப்பிடிக்கும். எனவே மின் பாதுகாப்பின் முதல் விதி எளிமையானது: பழுதுபட்ட பகுதியைக் கண்டுபிடி, உடனே துண்டி.

ஃபீஸ் செய்யும் தியாகம்

துண்டிக்கும் கருவிகளில் மிகப் பழையது மின் உருகி. சுற்றிலேயே மெல்லிய கம்பி அது. மின்னோட்டம் மிகுந்தால் முதலில் உருகி, மற்றவற்றைக் காப்பாற்றும். அடிக்கடி ஃபீஸ் போகிறது என்று சொல்லி அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஃபீஸ் போகாது என்பது உண்மைதான். அடுத்து மெலிந்த இடம் சுவருக்குள் இருக்கும் வயரோ, கூரையில் இருக்கும் விசிறியோ ஆகிவிடும். அடிக்கடி போகும் ஃபீஸ் எதையோ சொல்கிறது. அதைக் கேட்க வேண்டுமே தவிர, அதன் வாயை அடைக்கக் கூடாது.

எம்.சி.பி. இதே வேலையை இரண்டு வழிகளில் செய்கிறது. மின்னோட்டம் சற்றே மிகுந்து நீண்ட நேரம் நீடித்தால் உள்ளிருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து சுவிட்சை விடுவிக்கும். குறுக்குச் சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் பல மடங்கு எகிறினால் மின்காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்து விடுவிக்கும். மின்னோட்டத்தின் வெப்ப விளைவு, காந்த விளைவு என்று நாம் தனித்தனியாக நடத்தும் இரண்டு பாடங்களும் ஒரு சிறு பெட்டிக்குள் அருகருகே வேலை செய்வதை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

ரிலே: பார்ப்பது ஒன்று, வெட்டுவது வேறொன்று

வீட்டில் எம்.சி.பி. போதும். 11 அல்லது 22 கிலோவோல்ட் பாதையிலும், அதற்கு மேல் 110, 230, 400 கிலோவோல்ட் பாதைகளிலும் பார்க்கும் வேலையும் துண்டிக்கும் வேலையும் பிரிக்கப்பட்டுள்ளன. துண்டிப்பது சர்க்யூட் பிரேக்கர். அது துணை மின்நிலைய முற்றத்தில் நிற்கும் பெரிய சுவிட்ச். எப்போது துண்டிக்க வேண்டும் என்று முடிவு செய்வது கட்டுப்பாட்டு அறைக்குள் இருக்கும் ரிலே. கம்பியில் பாயும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ரிலேயால் நேரடியாகத் தாங்க முடியாது. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதை 1 அல்லது 5 ஆம்பியர் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிறது. கண், மூளை, கை என்று மூன்றையும் ஒப்பிட்டுச் சொன்னால் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்.

இங்கே ஒரு சுவையான கேள்வி உண்டு. பழுது ஏற்பட்டால் மின்னழுத்தமே சரிந்துவிடுகிறதே, அப்போது ரிலேக்கும் பிரேக்கருக்கும் மின்சாரம் யார் கொடுப்பது? துணை மின்நிலையத்தின் ஓர் அறையில் வரிசையாக அடுக்கியிருக்கும் பேட்டரிகள். ஊரே இருண்டாலும் துண்டிக்கும் ஆற்றல் அங்கே எப்போதும் தயாராக இருக்கும்.

எல்லா ரிலேக்களும் மின்னோட்டத்தைப் பார்ப்பதில்லை. எண்ணெய் நிரப்பிய பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் தொட்டிக்கும் அதன் மேலிருக்கும் எண்ணெய்க் கலனுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி இருக்கும். உள்ளே சுருள் கருகத் தொடங்கினால் எண்ணெய் சிதைந்து வாயுக் குமிழிகள் எழும். அவை பெட்டியில் சேர்ந்து மிதவையைக் கீழிறக்கும், எச்சரிக்கை மணி ஒலிக்கும். ஜெர்மானியரான மாக்ஸ் புக்ஹோல்ஸ் 1921-இல் உருவாக்கிய இந்த ரிலே அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. மிதத்தல் விதியே இங்கு காவலாளி.

யார் முதலில் துண்டிப்பது?

ஒரு வகுப்பில் சிறு சச்சரவு என்றால் வகுப்புத் தலைவர் தீர்த்துவைப்பார். அவரால் முடியாவிட்டால் வகுப்பாசிரியர், அதற்கும் மேலென்றால் தலைமையாசிரியர். முதல் கூச்சலுக்கே தலைமையாசிரியர் ஓடிவந்து பள்ளிக்கு விடுமுறை விட்டால் எப்படியிருக்கும்? மின்பாதுகாப்பும் இதே முறையில்தான் அடுக்கப்பட்டுள்ளது. பள்ளியின் எம்.சி.பி., கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரின் ஃபீஸ், துணை மின்நிலையத்தில் அந்தப் பாதைக்கான ரிலே, அதற்கும் மேலே பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் ரிலே என்று வரிசை. ஒரே பழுது மின்னோட்டத்தை இவை அனைத்துமே பார்க்கின்றன. பழுதுக்கு மிக அருகில் இருப்பது முதலில் துண்டிக்க வேண்டும். மேலே உள்ளவை ஒவ்வொன்றும் நொடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகக் காத்திருக்கும். கீழே உள்ளது தவறினால் மட்டும் மேலே உள்ளது துண்டிக்கும்.

காத்திருக்கும் நேரமும் மாறாத ஒன்றாக இருப்பதில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு வகை ரிலேயில், நிர்ணயித்த அளவைப் போல இரு மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் துண்டிக்க 10 நொடி ஆகும்படி அமைத்தால், பத்து மடங்கு பாயும்போது அதுவே ஏறத்தாழ 3 நொடியில் துண்டிக்கும். நேரக் காரணியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து வைத்தால் இவை 1 நொடி, 0.3 நொடி ஆகும். ஆபத்து பெரிதாக ஆகப் பொறுமை குறையும். எதிர்த்தகவுக்கு வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு தேடும் கணித ஆசிரியர்கள், இது எளிய எதிர்த்தகவு ஆகாது என்பதையும் சேர்த்து விவாதிக்கலாம்.

காற்றடிக்கும்போது மின்சாரம் போய்ப் போய் வருவதன் காரணமும் இப்போது விளங்கும். மேல்நிலைக் கம்பிகளில் ஏற்படும் பழுதுகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை. மட்டை உரசிவிட்டு விலகியிருக்கும். எனவே துண்டித்த சிறிது நேரத்தில் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். பழுது விலகியிருந்தால் விளக்கு நிலைத்து எரியும். இல்லையென்றால் ரிலே மறுபடியும் துண்டிக்கும். அப்போது லைன்மேன் மழையில் இறங்கிப் பாதை நெடுக நடந்து தேட வேண்டியிருக்கும்.

2012 சொன்ன பாடம்

ரிலே தவறாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட இந்திய மின்தொகுப்பு முழுவதும் செயலிழந்தது. சீர்செய்து முடித்த நிலையில், மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் ஒன்றாகச் சரிந்தன. நாட்டு மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. டெல்லி மெட்ரோ நின்றது. நெடுந்தூர ரயில்கள் நடுவழியில் நின்றன. இரண்டாம் நாள் பாதிக்கப்பட்ட மின்சுமை சுமார் 48,000 மெகாவாட்.

தொடக்கப்புள்ளி மத்தியப் பிரதேசத்தின் பினா – குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை. அந்தப் பாதையில் எந்தப் பழுதும் இல்லை. பின் ஏன் துண்டிக்கப்பட்டது? நீண்ட பாதைகளில் 'தொலைவு ரிலே' என்ற வகையைப் பயன்படுத்துகிறார்கள். அது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கும். கிடைக்கும் ஈவு குறைவாக இருந்தால் அருகில் பழுது இருக்கிறது என்று பொருள். ஈவின் அளவைக் கொண்டு பழுது எவ்வளவு தொலைவில் என்றும் கணிக்கும். ஓம் விதிதான். அருகிலுள்ள மண்டலத்துக்கு உடனடித் துண்டிப்பு, தொலைவான மூன்றாம் மண்டலத்துக்குச் சற்றுத் தாமதமான துண்டிப்பு. அந்நாட்களில் வேறு பாதைகள் சில வேலையின் பொருட்டும் பிற காரணங்களாலும் நிறுத்தப்பட்டிருந்ததால் இந்த ஒரு பாதை மீது அளவுக்கு மீறிய சுமை ஏறியது. மின்னோட்டம் மிகுந்தது, மின்னழுத்தம் தாழ்ந்தது, ஈவு சுருங்கியது. தொலைவில் ஏதோ பழுது என்று மூன்றாம் மண்டல ரிலே கருதித் துண்டித்தது. அதன் சுமை மற்ற பாதைகளின் தலையில் விழ, அவையும் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன.

அதே நிகழ்வில் மற்றொரு வகை ரிலேயின் கதை நேர் எதிரானது. உற்பத்தியைவிடத் தேவை மிகுந்தால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் குறையும். அப்போது சில பகுதிகளைத் தானாகத் துண்டித்து மீதியைக் காப்பாற்ற, குறை அதிர்வெண் ரிலேக்கள் உள்ளன. வட மாநிலங்களில் அவை எதிர்பார்த்த அளவுக்கு இயங்கவில்லை என்று விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. வெட்டக் கூடாதது வெட்டியது, வெட்ட வேண்டியது போதிய அளவு வெட்டவில்லை. பாதுகாப்புப் பொறியாளர்கள் எப்போதும் அஞ்சும் இரண்டு தவறுகளும் ஒரே நிகழ்வில் சேர்ந்துவந்தன.

தமிழ்நாடு அன்று தப்பியது எப்படி? அப்போது தென்னிந்தியத் தொகுப்பு வடக்குடன் நேர்மின்சாரத் தொடர்புகளால் மட்டுமே இணைந்திருந்தது. மாறுமின்சாரத்தின் அலைவு அவற்றைத் தாண்டி வரவில்லை. வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் குறைந்தபோதும், இங்கிருந்த குறை அதிர்வெண் ரிலேக்கள் சுமையின் ஒரு பகுதியைத் துண்டித்து மற்றதைக் காத்தன. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கும் இணைக்கப்பட்டது. இன்று பெருந்துறையின் விசைத்தறியும் பஞ்சாபின் பம்புசெட்டும் ஒரே அதிர்வெண்ணில் சுழல்கின்றன. இந்தப் பெரிய குடும்பத்தில் உதவியும் விரைவாக வரும், ஒருவரின் தவறும் விரைவாகப் பரவும். அதனால்தான் 2012-க்குப் பிறகு நாடெங்கும் ரிலேக்களின் அமைப்பு அளவுகளைத் தணிக்கை செய்வது முக்கியமானது.

எர்த்: மண் மின்சாரத்தை விழுங்குவதில்லை

"எர்த் கொடுத்திருந்தால் மின்சாரம் பூமிக்குள் போய்விடும்" என்றுதான் நம்மில் பலர் சொல்லிக்கொடுக்கிறோம். பாதி உண்மைதான். எந்த மின்னோட்டமும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் முனை மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே பள்ளியின் எர்த் குழிக்குள் இறங்கும் மின்னோட்டம் மண் வழியாக நடந்து அந்த டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் குழி வழியே மேலேறுகிறது. இந்த வழியின் தடை எவ்வளவு என்பதே உயிர் காக்கும் கேள்வி.

ஒரு கணக்கு. பள்ளியின் தண்ணீர் மோட்டாரில் பேஸ் கம்பி இரும்பு உடலைத் தொட்டுவிட்டது. மோட்டாருக்கு எர்த் இருக்கிறது. ஆனால் கோடையில் குழி காய்ந்து அதன் தடை 20 ஓம் ஆகியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தின் தடை 3 ஓம். பாயும் மின்னோட்டம் 230 ÷ 23 = 10 ஆம்பியர். அந்தச் சுற்றில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. எனவே அது துண்டிக்காது! மோட்டார் உடலின் மின்னழுத்தம் 10 × 20 = 200 வோல்ட். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றன. ஆயினும் கை கழுவ வந்து ஈரக் கையோடு குழாயையோ மோட்டாரையோ தொடும் குழந்தைக்கு 200 வோல்ட் காத்திருக்கிறது. ஈரமான உடலின் தடை ஆயிரம் ஓம் என்றால் உடலில் பாய்வது 200 மில்லி ஆம்பியர். சில பத்து மில்லி ஆம்பியர் நெஞ்சின் வழியே ஒரு நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும்.

இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவர்களைப் போடச் சொல்லுங்கள். எம்.சி.பி. காப்பது வயரைத்தான், மனிதரைக் காக்க வேறொன்று வேண்டும் என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். அந்த வேறொன்றின் பெயர் ஆர்.சி.சி.பி. பேஸ் வழியே போனதும் நியூட்ரல் வழியே திரும்பியதும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனித உடல் வழியே கசிகிறது என்று கொண்டு 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். கசிவு 150 மில்லி ஆம்பியர் ஆனால் 0.04 நொடிக்குள். மேலே பார்த்த மோட்டாரில் 10 ஆம்பியர் கசிவதால், குழந்தை தொடும் முன்பே மின்சாரம் நின்றிருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் எவ்வளவு மின்னோட்டத்தை மனிதர் தாங்குவர், எந்த அளவுக்கு மேல் பிடித்த கையை விட முடியாது என்றெல்லாம் ஆராய்ந்து, 1960-களின் தொடக்கத்தில் இத்தகைய கருவிக்கு வடிவம் தந்தார். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் புவிக்கசிவுப் பாதுகாப்புக் கருவியை வலியுறுத்துகின்றன.

ஆர்.சி.சி.பி.க்கும் எல்லை உண்டு. காய்ந்த பலகை மேல் நின்று ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால் அதற்கு எந்தக் கசிவும் தெரியாது. குறுக்குச் சுற்றையும் மிகைச் சுமையையும் அது பார்க்காது. எனவே எம்.சி.பி., எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும்.

எர்த் குழியைப் பற்றிச் சிறிது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை ஆழமாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைப்பது நமக்குப் பழகிய முறை. ஈரமும் அதில் கரைந்த உப்பும்தான் மண்ணில் மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. கொங்குச் சீமையில் மேல்மண் ஆழம் குறைவு. பல இடங்களில் சில அடியிலேயே பாறையும் சுண்ணாம்புக் கல்லும் வந்துவிடும். பங்குனி, சித்திரையில் குழி காய்ந்துவிடும். கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது சடங்கு அன்று. மேலே கண்ட 20 ஓமைக் குறைக்கும் வேலை அது.

இன்னொரு ஆபத்தான பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நியூட்ரல் போய்விட்டால் எர்த் கம்பியை நியூட்ரலாகக் கொடுத்து விளக்கை எரியவிடுவது தோட்டங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் எர்த் கம்பியோடு இணைந்த எல்லா இரும்புப் பொருள்களிலும் மின்சாரம் ஏறிவிடும். பாதுகாப்புக்கென்று வைத்த கம்பியே ஆளைத் தாக்கும்.

அறுந்து விழுந்த கம்பி

"கம்பி அறுந்து தரையில் விழுந்தால் ரிலே துண்டித்துவிடுமே, பிறகென்ன பயம்?" என்று மாணவர் கேட்கலாம். 11 கிலோவோல்ட் பாதையில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட். விழுந்த இடம் காய்ந்த தார்ச்சாலையாக இருந்து, தொடும் இடத்தின் தடை 2,000 ஓம் என்றால் பாய்வது 3 ஆம்பியர் சொச்சம்தான். நூறு ஆம்பியருக்கு மேல் சுமந்து பழகிய பாதையில் அந்த 3 ஆம்பியர் ரிலேயின் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகலாம். கம்பி அமைதியாகக் கிடக்கும், உயிரோடு கிடக்கும்.

ஆகவே குழந்தைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே. தரையில் கிடக்கும் எந்தக் கம்பியிலும் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அருகில் மாட்டிக்கொண்டால் ஓடக் கூடாது. இரண்டு பாதங்களையும் சேர்த்தபடி சிறிது சிறிதாக நகர வேண்டும். விழுந்த இடத்திலிருந்து விலக விலக மண்ணின் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. காலை அகட்டி வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு உடலின் வழியே மின்னோட்டமாகிவிடும். மாடுகள் இதனால் எளிதில் இறப்பதற்குக் காரணம் அவற்றின் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் உள்ள நீண்ட இடைவெளி. மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த எடுத்துக்காட்டு மறக்காது. கம்பி விழுந்ததைக் கண்டால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு உடனே தெரிவிக்கலாம்.

மின்னலும் மிகையழுத்தமும்

இதுவரை கண்டது மிகை மின்னோட்டம். மின்னல் கொண்டுவருவது மிகை மின்னழுத்தம். ஒரு மின்னல் வீச்சில் பல்லாயிரம் ஆம்பியர் பாயும். முழுவதும் முடிய நொடியில் மிகச் சிறு பகுதியே ஆகும். எந்த பிரேக்கரும் அதற்குள் திறக்காது. எனவே இங்கே உத்தி வேறு: துண்டிக்காமல் வழிமாற்றிவிடுவது.

பைகாரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கி, நீலகிரி மலையிலிருந்து கோவைக்கு மின்சாரம் இறங்கி வந்த காலத்திலிருந்தே கொங்கு நாட்டின் மின்பாதைகள் இடிமழையோடு வாழ்ந்து வருகின்றன. உயர் அழுத்தக் கோபுரங்களின் உச்சியில், மற்றக் கம்பிகளுக்கெல்லாம் மேலே ஒரு மெல்லிய கம்பி போவதை மாணவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதில் மின்சாரம் அனுப்பப்படுவதில்லை. கோபுரங்களின் வழியே மண்ணோடு இணைந்த அது, மின்னலைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் குடை.

கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரின் தலைப்பக்கம் வளையம் வளையமாக நிற்கும் மூன்று உருளைகள் மின்னல் தடுப்பிகள். உள்ளே துத்தநாக ஆக்சைடு வில்லைகள். இயல்பான மின்னழுத்தத்தில் அவை ஏறக்குறைய மின்காப்பான். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் தடை சடாரென்று வீழ்ந்து மின்னோட்டத்தை மண்ணுக்கு வழிவிடும். அழுத்தம் தணிந்ததும் பழையபடி கதவை மூடிக்கொள்ளும். ஓம் விதிக்குக் கட்டுப்படாத பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இங்கும் எர்த்தே அடித்தளம். 10,000 ஆம்பியர் 5 ஓம் தடையுள்ள எர்த் வழியே இறங்கினால் அங்கே எழும் மின்னழுத்தம் 50,000 வோல்ட். எர்த் கெட்டிருந்தால் தடுப்பி இருந்தும் பயனில்லை.

இன்று பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன் வகுப்பறைகளும் வந்துவிட்டன. கூரையில் உள்ள இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். மின்கம்பி வழியேயும் இணையக் கம்பி வழியேயும் நுழையும் மிகையழுத்தத்தை அதனால் தடுக்க இயலாது. அதற்கு மின்பலகையில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி வேண்டும். அதிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பி கூடியவரை குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும். நியூட்ரல் அறுந்து 230 வோல்ட் 400 வோல்ட்டை நோக்கி ஏறுவது வேறு வகை ஆபத்து. அது நீடித்து நிற்பதால் சர்ஜ் கருவி தாங்காது. விளக்குகள் சில மிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் முதன்மைச் சுவிட்சை உடனே அணைப்பதே வழி.

வகுப்பறையில் செய்து பார்க்க

எல்லாச் செயல்பாடுகளுக்கும் 1.5 வோல்ட் மின்கலங்கள் மட்டுமே. வீட்டு மின்சாரம் கூடவே கூடாது.

1. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரிலிருந்து ஒற்றை இழையை எடுத்து இரண்டு மின்கலச் சுற்றில் இணையுங்கள். பல்பு எரியும். பல்பின் முனைகளைக் கம்பியால் குறுக்கே இணைத்தால் இழை சிவந்து அறுபடும். இதுவே ஃபீஸ். அருகில் காகிதம் வேண்டாம். ஆசிரியரே செய்து காட்டுங்கள்.

2. ஆணியில் செம்புக் கம்பி சுற்றிய மின்காந்தம், எதிரே தகரப் பட்டை. மின்காந்தச் சுற்றில் மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை இழுபட்டு வேறொரு பல்புச் சுற்றைத் திறக்கும். சிறிய சுற்று பெரிய சுற்றை ஆளும் ரிலேயின் மாதிரி இது.

3. தொடக்க வகுப்புகளில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி, பழுது என்றதும் அருகில் உள்ளவர் எண்ணாமல், அடுத்தவர் மூன்று எண்ணிய பின், அதற்கடுத்தவர் ஆறு எண்ணிய பின் கை விடும்படி விளையாட வைக்கலாம். முதலாமவர் கை விட்டதும் மற்றவர்கள் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். அவர் விடாமல் நின்றால் என்ன ஆகிறது என்றும் ஆடிப் பார்க்கலாம்.

பள்ளியில் பார்க்க வேண்டியவை

பழுது பார்ப்பது தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை. கண்ணால் பார்த்துச் சொல்வது நம் வேலை. பள்ளி திறக்கும் முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் ஒரு சுற்று வாருங்கள்.

1. மின்பலகையில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தும்போது மின்சாரம் நிற்கிறதா?
2. ஃபீஸ் கட்டைகளில் உரிய ஃபீஸ் கம்பிதான் இருக்கிறதா என்று மின்பணியாளரைப் பார்க்கச் சொன்னோமா?
3. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறதா? குழாயிலிருந்து வரும் கம்பி துருப்பிடித்தோ அறுந்தோ இருக்கிறதா? எர்த் தடையைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்?
4. தண்ணீர் மோட்டார், குடிநீர்க் கருவி, இரும்புக் கதவு, இரும்புப் பீரோ அருகே வயர் உரசுகிறதா?
5. வளாகத்து மரக்கிளைகள் மின்கம்பியைத் தொடும் தூரத்தில் உள்ளனவா? இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தோமா?
6. மின்கம்பத்திலோ அதன் இழுகம்பியிலோ கொடி கட்டித் துணி உலர்த்துவதோ, ஆடு மாடு கட்டுவதோ நடக்கிறதா?

இந்த ஆறில் சோதனைப் பொத்தான் ஒன்றை இன்றே அழுத்திப் பார்க்கலாம். ஒரு நொடி வேலை. மின்சாரம் நின்றால் நிம்மதி. நிற்காவிட்டால், அல்லது அப்படியொரு பொத்தானே பலகையில் இல்லையென்றால், தலைமையாசிரியரின் மேசைக்கு அன்றைக்கே போக வேண்டிய செய்தி அது.